கம்பளத்தில் பொறுக்கிய மொச்சைக்கொட்டை

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு லாரி ஓட்டிய காலத்தில், அந்த மலை வளைவுகளில் ஒரு நாளும் வாந்தி எடுக்காதவன் நான். பஸ்ஸில் வரும் படித்த கனவான்கள் ஜன்னலில் தலையைத் தொங்கப் போட்டிருப்பார்கள். நான் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உருளைக்கிழங்கு மூட்டைகளோடு சீட்டியடித்துக்கொண்டு இறங்குவேன். அப்படிப்பட்டவன் முதல் வாந்தி எடுத்தது சமதரையில், சொந்த வீட்டுக் கூடத்தில், கம்பளத்தின் மேல்.

அந்தக் கம்பளம் சாதாரணமானதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூட்டை தூக்கி, கிளீனராகி, டிரைவராகி, சொந்த லாரி வாங்கியவன் நான். யாரும் கைதூக்கி விடவில்லை. ஐம்பதுகளில் மலையில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போனபோது அந்தக் கம்பளத்தை அவரிடம் வாங்கினேன். கால் வைத்தால் புதையும். எங்கள் தெருவில் வேறு எவர் வீட்டிலும் அப்படியொன்று கிடையாது.

நோய் வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அதற்கு முன்பே பல வருடமாகப் பசி நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரியும். ஒரு வாய் சாப்பிட்டால் அடங்கிவிடும். பிறகு எரிச்சல் போய் உப்புசம் வந்தது. சாயங்காலமானால் வயிறு கல்லாகும். வாந்தி எடுக்கப் பக்கத்தில் வைத்திருந்த கும்பாவை எட்டி எடுப்பதற்குள் கம்பளத்தில் கொட்டிவிடும். கொட்டியதும் சுகமாக இருக்கும். உடம்பு மட்டும் கரைந்துகொண்டே போனது.

கேட்டவர்களிடமெல்லாம் பித்தம் என்றேன். என் அண்ணன் இப்படித்தான் வாந்தி எடுத்து எடுத்து வயிற்றுக் கட்டியில் (புற்றுநோயில்) போய்ச் சேர்ந்தார். எனக்கும் அதுதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டிருந்தேன்.

என் மனைவி வேலம்மாள் கம்பளத்தைச் சுருட்டிப் பரணில் போடலாம் என்றாள். “சுருட்டினா ஊரு என்னையே சுருட்டிட்டதாப் பேசும். கெடக்கட்டும்” என்றேன். கிடந்தது. அவள்தான் கழுவினாள்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் நோயாளி இருக்கலாம் என்பதால் அவள் கண்ட பக்குவத்தைச் சொல்கிறேன். முதலில் சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். நாற்றம் கம்பளிக்குள் இறங்கிக்கொண்டது. பினாயில் போட்டாள், இரண்டு நாற்றமாயிற்று. பிறகு கற்றுக்கொண்டாள். தேய்க்கக் கூடாது. சிரட்டையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து எடுக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சத் தவிட்டைத் தூவிக் கூட்டிவிட வேண்டும். பச்சைத்தண்ணீரில் பூந்திக்கொட்டை ஊறவைத்த நுரையைப் பழைய வேட்டித் துணியில் தொட்டு ஒற்றி, நல்ல தண்ணீரால் மறுபடி ஒற்ற வேண்டும். அதன் மேல் ஆப்பச்சோடாவைத் தூவி மறுநாள் தட்டிவிட்டு, கயிற்றுக் கட்டிலில் காற்றாடப் போட வேண்டும். உள்ளே ஈரம் இருக்கும்வரை சாம்பிராணி போட்டுப் பயனில்லை.

எழுந்து நிற்கவே தள்ளாடிய பிறகுதான் திண்டுக்கல்லுக்கு ஒரு டாக்டரிடம் போனோம். வாந்தியில் என்ன வருகிறது என்று கேட்டார். கசப்பாகப் பித்தம் வருகிறது என்றேன். நான் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் அதைச் சுத்தம் செய்வது யார் என்றார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த வேலம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள்.

“பித்தம்னா மஞ்சளா ஒட்டிக்கிரும்யா. ஒரு நா கூட மஞ்சக்கறை விழுகலை. மாவு புளிச்சுப் பொங்குன வாடைதான் வரும்” என்றாள்.

ரத்தமோ, காபித்தூள் மாதிரிக் கறுப்போ உண்டா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “செவ்வாக்கெழமை மொச்சைக்கொட்டை வெஞ்சனம் வச்சேன். வியாழக்கெழமை கம்பளத்து மசுருக்குள்ள இருந்து அதை ஒண்ணொண்ணாப் பொறுக்குனேன். நடுவுல வீட்டுல மொச்சையே வைக்கலைய்யா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “சாப்பாடு கீழ எறங்கல. வயித்துலயே தேங்கிப் புளிக்குது. வழி அடைச்சிருக்கு” என்றார். கட்டியா என்று கேட்டேன். பழைய குடற்புண் தழும்பாகி அடைத்திருக்கலாம், வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் உறுதி என்றார்.

மதுரையில் பேரியம் (எக்ஸ்ரேயில் குடல் தெரிவதற்காகக் குடிக்கத் தரும் வெள்ளை மருந்து) கொடுத்துப் படமெடுத்தார்கள். என் இரைப்பை முற்றிய சுரைக்காய் போலத் தொங்கியது. தினமும் மூக்குவழிக் குழாய் விட்டு அதைக் கழுவினார்கள். நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றி உடம்பைத் தேற்றினார்கள். அதன் பிறகே ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும்போது அண்ணன் முகம்தான் தெரிந்தது.

கண் விழித்தபோது வேலம்மாள் பக்கத்தில் இருந்தாள்.

“கட்டி இல்லையாம். புண்ணு ஆறுன தழும்புதானாம். வேற வழி வச்சுத் தச்சிருக்காங்க” என்றாள். போர்வையை இழுத்து மூடிவிட்டு, “இனி பித்தம்னு சொன்னீங்க, வாயை நானே தச்சு விட்டுருவேன்” என்றாள்.

சிரிக்கப் போய்த் தையல் இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது வலியால் என்றுதான் நர்ஸம்மாவிடம் சொன்னேன்.

அவர்கள் செய்தது இதுதான்: இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே சேர்த்து, அடைப்பைச் சுற்றிப் போகும்படி விட்டுவிட்டார்கள். மலையில் பாறை சரிந்தால் நாங்கள் லாரியைத் திருப்பிவிடும் மாற்றுப்பாதை போல. சோதனைக்கு அனுப்பிய சதைத் துண்டின் முடிவும் நல்லதாகவே வந்தது.

உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். கழுவுவதற்கு முன்னால் பாருங்கள். நிறம் என்ன, என்றைக்குச் சாப்பிட்டது என்று பார்த்துவிட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

முன்பெல்லாம் ஒரு வேளைச் சோறு என்னிடம் இரண்டு நாள் தங்கியிருக்கும். அது எப்போது திரும்பி வருமோ என்று காத்திருப்பதே என் பொழுதாக இருந்தது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும். ஆனால் சாப்பிட்டதே மறந்துபோகிறது. தேறியபின் முதல்முறை மலைக்குக் கிளம்பிய அன்று, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் லாரியை ஓரங்கட்டச் சொன்னேன். டிரைவர் பயந்துபோய், வாந்தி வருகிறதா என்று கேட்டான்.

“பசிக்குதுப்பா” என்றேன்.

“இப்பத்தானே மொதலாளி சாப்டீங்க?”

“அது எறங்கிருச்சு.”