தெரு டாக்டரின் வெள்ளரிப் பந்தல்

காலை ஆறு மணிக்குத் தெரு நடுவில் குனிந்து நிற்கிறார். இடுப்பளவு இரும்புக் கம்பி. அதன் ஒரு முனை தார்ச்சாலையில் ஊன்றியிருக்கிறது; மறுமுனையில் கிண்ணம் போலக் குடைந்த மரக்கட்டை, அது அவருடைய வலது காதில். இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். சைக்கிளில் வரும் பேப்பர்காரர்கூட மணி அடிக்காமல் ஒதுங்கிப் போகிறார். இரண்டு நிமிடம் கழித்து நாலடி தள்ளிப்போய் மறுபடி ஊன்றுகிறார். உடனே முகம் மலர்கிறது. மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் என்னிடம், "கேக்குது சார், கேக்குது" என்கிறார், காணாமல் போன பிள்ளை கிடைத்துவிட்ட மாதிரி.

கிடைத்தது கசிவு. தரைக்கு அடியில் எந்த இடத்தில் குடிநீர்க் குழாய் ஒழுகுகிறது என்று காதால் கேட்டுச் சொல்வதுதான் தண்ணீர் இலாகாவில் அவருக்கு வேலை. இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டதும் பையிலிருந்து மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்து எழுதி, பக்கத்தில் இருக்கிற வீட்டு கேட்டில் ஒட்டுவார். 'இவ்விடத்தில் கசிவு கண்டறியப்பட்டுள்ளது' என்று அதில் அச்சடித்திருக்கும். கீழே 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்துப் போடுவார் பாருங்கள், மந்திரிகள் தோற்றார்கள். தெருவுக்கு ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மனிதரை வேறெப்படிக் கூப்பிடுவது? எங்கள் பக்கத்தில் அவர் பெயர் தெரு டாக்டர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மஞ்சள் சீட்டு என் கேட்டிலும் ஏறியது. கசிவு என் ரோஜாப் பாத்திக்கு நேர் கீழே. ரோஜா அப்போதுதான் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வாரம் தவணை கொடுங்கள் என்று கெஞ்சினேன். "தண்ணி காத்திருக்காது சார்" என்றார். அரை மணி நேரத்தில் மண்வெட்டியோடு நாலு பேர் வந்து இறங்கினார்கள். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர், நல்ல மனிதர், ஆபத்துக்கு ஓடி வருபவர். எல்லாம் சரி. ஆனாலும் அந்த ரோஜாக்களை நான் மறக்கவில்லை.

அவருடைய வீட்டில் கம்பிக்கு நுழைவு கிடையாது. "ஊர் ரோடெல்லாம் மோந்து பாத்த கம்பி என் சமையல்கட்டுப் பக்கம் வரக் கூடாது" என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அது வாசலில் செருப்புகளோடு சாத்தியிருக்கும். கம்பியைத்தான் வெளியே வைக்க முடியும், காதை வைக்க முடியுமா? கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டே, "ஏம்மா, பீன்ஸ் அடிப்பிடிக்கப் போகுது, எறக்கு" என்று குரல் கொடுப்பார். உள்ளே போய்ப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். மூக்கும் நாக்கும் இவருக்குச் சும்மா அலங்காரத்துக்கு, சாப்பாட்டைக்கூடக் காதால்தான் சாப்பிடுகிறார் என்று அந்த அம்மாள் என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

கோடை பிறந்துவிட்டால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மார்பளவு மதில். அந்தப் பக்கம் அவர் தோட்டம். வெள்ளரிக்குப் பந்தல், அதை ஒட்டித் தக்காளி, குச்சி ஊன்றிய பீன்ஸ், மூலையில் பூசணி. முதல் பூ விட்ட நாளிலிருந்து காலை மாலை இரண்டு வேளையும் மதிலுக்கு மேல் தலை தெரியும். சட்டைப் பையில் டேப் இருக்கும். "சார், ரெண்டு அங்குலம்." மறுநாள், "சார், ரெண்டே முக்கால்." பந்தலின் நடுவில் தொங்கிய ஒரு வெள்ளரிக்காய்க்கு மேயர் என்று பெயர் வைத்தார். மேயர் நாலு அங்குலம் தாண்டிய அன்று தெருவில் போன தபால்காரரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். தபால்காரர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டுப் போனார்.

இந்த வருடம் அந்தத் தோட்டம் வளர்ந்த வளர்த்தி வேறு மாதிரி. பூசணிக் கொடி துணி காயப்போடும் கயிற்றில் ஏறி, அவருடைய பனியனுக்குள் ஒரு கை விட்டிருந்தது. தக்காளிச் செடி என் உயரத்துக்கு வந்துவிட்டது. தெருவே வந்து பார்த்தது. என் பக்கம்? நாலு தொட்டி, ஒரு பாத்தி. எல்லாமே கடன்காரனைக் கண்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தன. இத்தனைக்கும் அவர் கொடுத்த விதை, அவர் சொன்ன உரம். என் வீட்டுக் குழாயில் தண்ணீர்தான் நூல் மாதிரி வந்தது. ஒரு குடம் நிறைவதற்குள் பேப்பர் முழுவதும் படித்து முடித்துவிடலாம்.

"கோடைன்னா ப்ரஷர் கம்மியாத்தான் வரும் சார். ஊருக்கே அப்படித்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, செடியோடு பேச வேண்டும், அதுதான் ரகசியம் என்றார். நானும் வெட்கத்தை விட்டு ஒரு வாரம் தக்காளியோடு பேசினேன். நாலாவது நாள் என் மனைவி கதவோரம் நின்று கேட்டுவிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தாள்.

அவருடைய மனைவியும் இதே புகாரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சமையலறைக் குழாய் இரண்டு மாதமாக இளைத்துக்கொண்டே வருகிறது, என்னவென்று பாருங்களேன் என்று. ஊருக்குச் சொன்ன பதிலையே அவர் வீட்டுக்கும் சொன்னார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. முதல் பறிப்பு என்று சொல்வார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, மகள் குடும்பத்தோடு வருவாள். அதுவரை தோட்டத்தில் ஒரு பிஞ்சைக்கூட யாரும் தொடக் கூடாது. அன்றைக்கு ஆளுக்கொரு கூடை. அவரவர் கையால் பறித்ததை அவரவர் சாப்பிட வேண்டும். பறித்ததை அந்த அம்மாள் அப்போதே கழுவி, அப்போதே வதக்கி, அப்போதே தட்டில் போடுவார். மதிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வருடாவருடம் வாசனை பிடித்ததுதான் எனக்குக் கிடைத்த பங்கு. இந்த வருடம் என்னையும் கூப்பிட்டார். விளைச்சல் அப்படி. மேயரை மட்டும் யாரும் தொடக் கூடாது, அது தன் தட்டுக்கு என்று முன்கூட்டியே அறிவித்தும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகள், மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பேத்தி மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். அடுப்பில் வாணலி ஏறிவிட்டது. ரொட்டி மாவு ஈரத்துணிக்கு அடியில் உப்பிக்கொண்டிருந்தது. வெங்காயம், பூண்டு, மிளகு எல்லாம் தட்டில் வரிசையாகத் தயார். தெரு டாக்டர் கூடைகளை இரண்டு தரம் எண்ணினார், மூன்றாம் தரமும் எண்ணினார். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்குமே கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வரிசையில் நின்றேன்.

பேத்திக்கு மட்டும் கூடை வேண்டாம், கம்பிதான் வேண்டும். வாசலிலிருந்து அதை இழுத்துக்கொண்டு வந்து, பாட்டி பார்ப்பதற்குள் பந்தலுக்கு அடியில் ஊன்றிக் காதை வைத்தாள். தாத்தா மாதிரியே இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டாள். நாங்கள் சிரித்தோம்.

"தாத்தா, உள்ள யாரோ சூப்பு உறிஞ்சறாங்க" என்றாள்.

இன்னும் பலமாகச் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டேதான் போய்க் கம்பியை வாங்கிக் காதில் வைத்தார். சிரிப்பு அப்படியே நின்றது. நாலடி தள்ளி வைத்தார். தக்காளிக்கு நடுவே வைத்தார். திரும்பப் பந்தலுக்கு அடியில் வந்து வைத்தார். கேக்குது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அந்த அம்மாள் கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். "ரெண்டு மாசமா நான் என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பெரிய குழாய் அவர் தோட்டத்துக்கு அடியில் ஓடி, அவர் வீட்டுக்கு ஒரு கிளை கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் என் வீட்டுக்கும் பின்வரிசை நாலு வீட்டுக்கும் போகிறது. எங்கள் ஐந்து வீட்டுத் தண்ணீரைக் குடித்துத்தான் பூசணி பனியன் போட்டுக்கொண்டது. ஊரெல்லாம் கசிவு தேடிய மனிதர் சொந்தக் கசிவுக்கு டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். நான் நூல் தண்ணீரை வைத்துக்கொண்டு செடியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனதுக்குள் ஒரு குரங்கு குட்டிக்கரணம் அடித்தது. மூன்று வருடத்து ரோஜா அத்தனையும் ஒரே நிமிடத்தில் மறுபடி பூத்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். குழாய் ஓடுவது பந்தலுக்கும் தக்காளிக்கும் பீன்ஸுக்கும் சரியாக அடியில். மூன்றடி அகலத்துக்குத் தோண்டினால் தோட்டம் என்று சொல்ல மூலையில் பூசணி மட்டும் மிஞ்சும். குரங்கு தானாக அடங்கிவிட்டது.

அவர் இலாகாவுக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது, உங்கள் வீடுதானே, மெதுவாக அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எதிர்முனையில் சொன்னது எங்கள் எல்லோருக்குமே கேட்டது. மாப்பிள்ளையும் அதுதான் சரி என்றார். நானும் என் பங்குக்கு, முதல் பறிப்பாவது நிம்மதியாக முடியட்டும், இரண்டு மாதம் பொறுத்த நாங்கள் இன்னும் ஒரு வாரம் பொறுக்க மாட்டோமா என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். ரோஜா அவருக்கும் மறக்கவில்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

"தண்ணி காத்திருக்காது சார்" என்றார்.

பிறகு நடந்ததைச் சொல்ல ஒரு வாய் போதாது. அரை மணிக்குள் எல்லாவற்றையும் பறித்தாக வேண்டும் என்று மகள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பழுத்தது, காய், பிஞ்சு, பூ என்று பேதம் பார்க்காமல் பறித்தோம். கூடை நிறைந்தது, குடம் நிறைந்தது, பேத்தியின் கவுன் நிறைந்தது. என் மனைவியும் மதிலுக்கு மேலாகவே ஏறி வந்துவிட்டாள். அந்த அம்மாள் பச்சைத் தக்காளியை வட்டமாக நறுக்கி மாவில் புரட்டி எண்ணெயில் போட்டார், பீன்ஸை வெங்காயத்தோடு வதக்கினார், பழுத்ததெல்லாம் பெரிய பாத்திரத்தில் சூப்பாகக் கொதித்தது. சமையலறை வாசனையும் மண் வாசனையும் ஒன்றாக வந்தது. தெரு டாக்டரும் மாப்பிள்ளையும் மண்வெட்டியோடு முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். "ஏம்மா, சூப்பு பொங்குது" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம், அவரும்தான்.

மதியம் மூன்று மணிக்குக் குழாயின் இணைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. வெள்ளை வெளேரென்று வேர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அவற்றைக் கத்தியால் வெட்டாமல் ஒவ்வொன்றாகக் கையால் விலக்கினார். ரப்பரைச் சுற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கி, கம்பியை வைத்துக் கேட்டார். பேத்தியும் கேட்டாள். சூப்பு குடித்து முடித்துவிட்டார்கள் என்றாள். அதே சமயம் என் வீட்டுக்குள், திறந்துவிட்டு மறந்திருந்த குழாய் தடதடவென்று வாளியில் விழுகிற சத்தம் மதிலைத் தாண்டி வந்தது. என் மனைவி ஓடினாள்.

மஞ்சள் சீட்டை எழுதித் தன் கேட்டில் ஒட்டிவிட்டுத்தான் சாப்பிட வந்தார். 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் பேத்தியின் சேற்றுக் கட்டைவிரல் ரேகை இருந்தது.

கொல்லையில், தோண்டிய மண்ணுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்தோம். சேறு உலர்ந்த கால்கள், சுடச்சுட ரொட்டி, மொறுமொறுவென்று பச்சைத் தக்காளி. அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் பசிக்கிறது. அவர் மட்டும் உட்காரவில்லை. உள்ளே போய் மேயரைக் கொண்டுவந்தார். பறிப்பதற்கு முன்னால் கடைசியாக அளந்திருக்கிறார். ஒன்பதரை அங்குலம் என்று பேத்தி சொன்னாள். கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். உப்புத் தூவினார். இரண்டு பாதியையும் உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார். பெரிய பாதியை என் தட்டில் வைத்தார்.

"உங்க தண்ணி சார்" என்றார். நான் கடித்ததும், சத்தம் சரியாக இருக்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டார்.