தேவகிக்கு நான் கற்றுக்கொடுத்த மூச்சு

தேவகியின் இரண்டு விரல்கள் போனதற்கு நானும் காரணம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால் சொல்கிறேன்... என் துணிச்சல் அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். காலை ஷிஃப்டுக்கு முன் பெண்களை நிற்க வைத்து மன அமைதிப் பயிற்சி தருவது என் பொறுப்பு. செருப்பைக் கழற்றுங்கள், பாதம் தரையில் பதியட்டும், கண்ணை மூடுங்கள், உங்களுக்குள் அசையாத ஓர் இடம் இருக்கிறது, அங்கே போய் நில்லுங்கள்... இப்படிப் பேசுவேன். நன்றாகவே பேசுவேன்!

எந்த வகுப்பிலும் நான் அதைக் கற்கவில்லை. பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கப் போகும்போது அம்மா என்னையும் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிடுவாள். "தர கெடச்சுதாடி? மொதல்ல கால ஊணு, அப்பால கைய வுடு" என்பாள். பயமாக இருக்கிறது என்று சொன்னால் திட்டமாட்டாள். தானே முன்னால் வந்து, அந்த இடத்தில் கால் வைத்துப் பார்ப்பாள்.

அம்மா முன்னால் வந்து கால் வைத்த அந்தக் கடைசிப் பாதியை நான் மறந்துவிட்டேன். மறந்தேனா? இல்லை, வசதியாக விட்டுவிட்டேன்.

தேவகி ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவாள். தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மிஷினில் வேலை. கை உள்ளே இருந்தால் மிஷினை நிறுத்தும் சென்சார் ஒன்று அதில் உண்டு. வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று அதை அணைத்து வைத்திருந்தார்கள். எனக்கும் தெரியும்.

ஒருநாள் பயிற்சி முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். "எக்கா, கைய எடுக்கறதுக்குள்ள மிஷினு எறங்குது. பயமா கீதுக்கா. மேனேஜர் சார்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அப்போது எனக்குப் பதவி உயர்வு பேசிக்கொண்டிருந்தார்கள். புகாரோடு போய் நிற்க எனக்கு மனமில்லை. அவள் தோளில் கை வைத்தேன். "பயம் மிஷின்ல இல்லம்மா, மனசுல இருக்கு. கால ஊணி நின்னு மூச்ச இழு, சரியாயிடும்" என்றேன்.

எவ்வளவு கனிவாகச் சொன்னேன் தெரியுமா! அந்தக் கனிவை நினைத்தால்தான் இன்று எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த வாரமே மிஷின் அவள் கை மேல் இறங்கியது.

விசாரணையில், அவள் முன்பே ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதோடு நிறுத்தினேனா? கொஞ்சம் படபடப்பான பெண், கவனம் சிதறும் என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். பழி அவள் மேல் விழுந்தது, வேலையும் போனது. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

சில மாதங்களுக்குப் பின் புதுவாயல் கூட்டுச்சாலையில் அவளைப் பார்த்தேன். கைக்குட்டையால் கையைச் சுற்றியிருந்தாள். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவளே ஓடி வந்தாள்.

"நல்லா கீறீங்களாக்கா? கை விண்ணுவிண்ணுன்னு வலிக்கறப்போ, நீங்க சொன்ன மாரியே கால ஊணிக்கினு மூச்சு வுடுவேன். அதாலதான்க்கா நான் நிக்கறேன்."

அவள் காறித் துப்பியிருக்கலாம்... நன்றி சொன்னாள்! வந்த பேருந்தில், அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன்.

இன்றும் நான்தான் அந்தப் பயிற்சியைத் தருகிறேன். செருப்பைக் கழற்றி நானும் நிற்கிறேன். என் அசையாத இடத்தைத் தேடுகிறேன்... கால் ஊன்ற இடமில்லை. இரவு ஷிஃப்டில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பிரஸ் மிஷின் இறங்கும்போதெல்லாம் தரை அதிர்வதுதான் பாதத்தில் தெரிகிறது. சென்சார் இன்னும் அணைந்தேதான் கிடக்கிறது.

இன்று காலை, தேவகி நின்ற இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நின்றாள். எல்லோரும் கண் மூடியிருக்க, அவள் மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். "எக்கா, அந்த மிஷினு..." என்று ஆரம்பித்தாள்.

"கண்ண மூடும்மா" என்றேன்.

அவள் மூடிக்கொண்டாள்.