ஜீப் போகாத மாதம்

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள், எங்கள் ஆபீஸ் ஜீப் கரிசல் சேற்றில் மாட்டிக்கொண்டது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கோவில்பட்டிக்காரர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். மழை பெய்த கரிசலில் வண்டியை இறக்குகிறவர்களைப் பார்த்து இந்தப் பக்கத்தில் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள். பைக்கில் வருகிற சம்சாரிகூட – விவசாயிக்கு இங்கே அதுதான் பெயர் – வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்தி, செருப்பையும் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடுதான் காட்டுக்குள் நடப்பார். காடு என்றால் இங்கே மரமும் மிருகமும் இல்லை… மழையை நம்பி விதைக்கிற நிலம்.

டிரைவர் அருள்ராஜ் முன்கூட்டியே சொன்னார். "மேடம், இதுக்கு மேல போனா வண்டி திரும்பாது." நான்தான் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் போட்டோ வேண்டும் என்று மேலதிகாரி காலையிலிருந்து போனில் விரட்டிக்கொண்டிருந்தார்.

என்ன போட்டோ? சொல்கிறேன்.

நான் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். அரசு நிலம், ஓடை, கண்மாய், மேய்ச்சல் தரை – எது எதற்கு என்று திட்டம் போட்டு, மேப்பில் கலர் அடித்து மேலே அனுப்புகிற வேலை. "இவ்வளவு படிச்சது கலர் அடிக்கவா?" என்று கேட்டுக் கேட்டு என் வீட்டுக்காரருக்கே அலுத்துவிட்டது. ஊருக்குள் போனால் நான் நிலத்தைப் பிடுங்க வந்தவள். ஆபீசுக்கு வந்தால் முட்டுக்கட்டை போடுகிறவள். இரண்டு பக்கமும் பேச்சு வாங்கி வாங்கி… உண்மையைச் சொன்னால், களைத்துப் போய்விட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கடம்பூர் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், ஃபைல் இன்னும் முடியவில்லை. அங்கே ஆடு மாடு மேய்வதற்கென்று விட்ட புறம்போக்கு நிலம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் மேடான சரளைத் தரை. அதை சோலார் மின்சாரத்துக்குக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. சோலாரே கூடாது என்கிற ஆள் இல்லை நான். வெயிலுக்கா இங்கே பஞ்சம்? எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும்?

ஃபைலைத் திறந்தால் கோடைக்குக் கோடை எடுத்த போட்டோக்கள். காய்ந்த தரை, முள் நிறைந்த உடை மரம், கண் கூசுகிற வெயில். ஒன்றில்கூட ஆடு இல்லை. ஒவ்வொன்றின் கீழும் 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதியிருந்தது. ஊர்க்காரர்களோ திங்கட்கிழமை மனுநாளில் வரிசையில் நின்று, அதுதான் எங்கள் மேய்ச்சல் நிலம் என்று மனு கொடுத்துவிட்டார்கள். ஆகவே புதிதாக ஒரு போட்டோ, கீழே என் கையெழுத்து. இவ்வளவுதான் பாக்கி.

அதற்குத்தான் போனேன். போய் மாட்டினேன்.

டிராக்டர் வைத்திருப்பவருக்கு அருள்ராஜ் போன் போட்டார். மழை விட்டுத் தரை கொஞ்சம் இறுகட்டும், இப்போது வந்தால் தன் டிராக்டரையும் சேர்த்து இழுக்க இன்னொரு டிராக்டர் வேண்டும் என்று அவர் சிரித்தாராம். சரி, நடந்தே போவோம் என்று இறங்கினேன். கால் வெளியே வந்தது. செருப்பு வரவில்லை. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

மேட்டில் ஏறி நின்றபோது ஆட்டுச் சத்தம் கேட்டது.

முதலில் ஒரு மந்தை. அதன் பின்னால் இன்னொன்று. ஊரில் இருக்கிற அத்தனை ஆடும் அந்த ஒற்றை வண்டிப்பாதை வழியாக ஏறி வந்துகொண்டிருந்தன. பாதையின் இரண்டு பக்கமும் உளுந்தும் பாசிப்பயறும் பச்சையாக நின்றன. ஓர் ஆடு அந்தப் பக்கம் மூக்கை நீட்டினால் போதும், கம்பு குறுக்கே வரும். மேட்டில் மழைக்கு முளைத்த புல் கிடந்தது. ஆடுகள் வந்த வேகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டன. நான் ஃபைலில் பார்த்த இடமா இது?

முன்னால் வந்த மந்தை சண்முகத்தாயுடையது. ஐம்பதை ஒட்டிய வயது, தலையில் உரச்சாக்கை மடித்துப் போட்டிருந்தார். புருஷன் இல்லை, சொந்த நிலம் இல்லை, ஆடுதான் பிழைப்பு – இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. முதலில் அவர் பார்த்தது பாதையை அடைத்துக் கிடந்த ஜீப்பை. ஆடுகளை அதைச் சுற்றிக் கொண்டுவர அவர் பட்ட பாட்டுக்கு நல்ல வார்த்தையா வரும்? நான் ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன் என்று அருள்ராஜ் சொன்னதும் இன்னும் சூடானார்.

"வெயில் காலத்துல வந்து வெறுந்தரையப் படம் பிடிச்சிட்டுப் போவீங்க. இப்ப என்ன புதுசா மழையில வந்திருக்கீங்க?"

கோடையில் ஆடுகள் ஏன் இங்கே இல்லை என்று கேட்டேன். இவள் விவரம் தெரிந்துதான் பேசுகிறாளா என்பதுபோல் பார்த்தார்.

"கோடையில எதுக்கு இங்கன கெடக்கணும்? வெள்ளாமை எடுத்த காடு பூரா சும்மா கெடக்கும். ஒரத்துக்காக சம்சாரியளே கூப்பிட்டு ஆட்டை அடைக்கச் சொல்லுவாவ. இப்பதான மேடம் எங்கன திரும்பினாலும் வெள்ளாமை? இந்த மேட்டை விட்டா நிக்க எடம் கெடையாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

யோசித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் கரிசலில் வண்டி போகாது. அதனால் நாங்கள் கோடையில் மட்டும்தான் போகிறோம். கோடையில் ஆடு அங்கே இருக்காது. போட்டோவில் யாரும் பொய் சொல்லவில்லை. போனார்கள், பார்த்தார்கள், ஆடு இல்லை, எழுதினார்கள். ஆளாளுக்கு நேர்மையாக எழுதிய வரிகள் சேர்ந்து, இந்த அம்மாவின் பிழைப்பில் கைவைக்கப் பார்க்கின்றன. ஒரு திருடன் இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம்… இங்கே யாரைத் திட்டுவது?

அருள்ராஜ் கடம்பூரில் வாங்கிய போளிப் பொட்டலத்தைப் பிரித்தார். சண்முகத்தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு வாங்கிக்கொண்டார். இந்த நிலம் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்ன செய்ய? இதுகளை வித்துப்போட்டு மறுபடி தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போகணும். அங்கன உக்காந்து குச்சி அடுக்கி அடுக்கி இடுப்பு போயித்தான் ஆட்டுக்கு வந்தேன்."

இருட்டுகிற நேரத்தில் டிராக்டர் வந்து எங்களை இழுத்துப்போட்டது. மறுநாளே ஆடுகள் நிறைந்த போட்டோக்களோடு, 'மழைக்காலத்தில் இந்த ஊர் ஆடுகளுக்கு இதைத் தவிர வேறு மேய்ச்சல் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். மனசுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

இந்தத் திங்கட்கிழமை பதில் வந்தது. ஒரு நாள் பார்த்தது போதாதாம். போட்டோவுக்காகவே ஆடுகளை ஓட்டி வந்திருக்கலாமாம். எனவே, வாகனம் செல்ல ஏதுவாக, வரும் கோடையில் மறு ஆய்வு செய்து அறிக்கை அனுப்ப வேண்டுமாம்.

கோடையில்!

மேலதிகாரிக்கு போன் செய்து, கார்த்திகையிலேயே பார்த்தால் என்ன சார் என்று கேட்டேன். அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒருவர் விரட்டிக்கொண்டிருக்கிறார். "மறுபடி ஜீப் மாட்டுமே மேடம், யார் பதில் சொல்றது?" என்றார். போனை வைத்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை. எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டு ஃபைலை மூட்டை கட்டலாமா என்றுதான் தோன்றியது.

அப்போது சண்முகத்தாயின் போன் வந்தது. ஊருக்குச் செய்தி போய்விட்டது.

"கோடையில வருதீங்களாமே மேடம்? அன்னைக்கு ஒருநா மட்டும் ஆட்டையெல்லாம் மேட்டுக்குப் பத்திட்டு வந்து நிப்பாட்டவா?"

உள்ளதை உள்ளது என்று காட்ட, இல்லாத ஒன்றை நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அதைத்தான் செய்திருப்பார் என்று மேலிடம் ஏற்கெனவே சந்தேகப்படுகிறது. அந்த யோசனைக்கு அவரைத் தள்ளியதும் நாங்கள்தானே?

வேண்டாம் தாயி, ஆடுகள் வழக்கம்போல மேயட்டும் என்று சொல்லிவிட்டு, உத்தரவை மறுபடி எடுத்துப் படித்தேன். வாகனம் செல்ல ஏதுவாக. ஒரு நாள் போதாது. இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கோடையில் போகச் சொல்லியிருக்கிறது, போவேன். ஆனால் அதற்கு முன்னால் பார்க்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. வண்டி போகாத மாதத்தில் அதிகாரிக்குக் கால் இருக்கக் கூடாது என்றும் இல்லை.

ஆகவே நாளைக் காலையிலிருந்து, கார்த்திகை முடிகிறவரை, முடிந்த நாளெல்லாம் போகிறேன். முட்டு வலி இருக்கிறது. மழையும் இருக்கிறது. தார் ரோட்டில் இறக்கிவிட்டால் போதும் என்று அருள்ராஜிடம் சொல்லியாயிற்று.

செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிடப் போகிறேன்.