மாரியம்மன் பாட்டில் ஒரு கேள்விக்குறி

அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், பிறர் பெற்ற பிள்ளைக்கு மூக்கு சரியில்லை என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். ஜொகூர் பாருவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தமிழ் அச்சகத்தில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். "எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்" என்று யாராவது ஒரு முறையேனும் உங்கள் கையில் தாளைத் திணித்திருந்தால் நீங்களும் என் இனம். தள்ளி உட்காருகிறேன், பக்கத்தில் அமருங்கள்.

வாழ்த்துப்பா

தங்காக்கிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் வந்தார். தங்கையின் கல்யாணத்துக்குத் தாமே இயற்றிய வாழ்த்துப்பாவை அச்சிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இலக்கணம் படித்தவன் கையில் சிவப்பு மை கிடைத்தால் என்ன ஆகும்? எதுகை வழுக்கிய இடம், தளை தட்டிய இடம், ஒற்று மிகாத இடம் என ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. செல்லம்மா என்ற மணமகளின் பெயர் வெண்பாவுக்குள் அடங்க மறுத்தது. அதையும் 'திருநிறை நங்கை' என்று மாற்றினேன்.

அவர் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "நல்லாத்தான் இருக்குங்க. இது யாரு கல்யாணத்துக்கு?"

மங்கு

அதற்குப் பிறகு சிவப்பு மையை மூடிவைத்தேன். சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவது, எழுதியவரையே விசாரிப்பது என்று வைத்துக்கொண்டேன். பெருந்தன்மை என்று எண்ணிவிடாதீர்கள். எனக்கு வம்பு கேட்கப் பிடிக்கும்.

செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து அஞ்சலையும் அவர் கணவர் முனியனும் ரயிலேறி வந்தது அப்போதுதான். அஞ்சலைக்குப் பால் வெட்டு வேலை. கும்மிப் பாட்டுக் கட்டுவார், எழுத்துத் தெரியாது. முனியன் எழுதிக் கொடுப்பார். தோட்டத்து மாரியம்மன் திருவிழா வரப்போகிறது. பாட்டு அச்சில் வந்தால் அஞ்சலையின் கும்மி, இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்து பாட்டுக்காரர்கள் என்று, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி சொல்லிவிட்டாராம். "போன வருசம் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிட்டாங்க ஐயா. இந்த வருசமும் அப்படின்னா, இனிமே நான் பாட்டே கட்டப்போறதில்ல" என்றார் அஞ்சலை. அழுதுகொண்டு சொல்லவில்லை. முடிவுசெய்துவிட்டவர் குரல் அது.

பாட்டைப் படித்தேன். காவிரி, அன்னம், செந்நெல், செந்தாமரை எல்லாம் இருந்தன. தோட்டத்திலேயே பிறந்த அஞ்சலை இவற்றில் எதையும் கண்டதில்லை. "பாட்டுன்னா அதெல்லாம் இருக்கணும்ல" என்றார் முனியன். நடுவில் ஒட்டாமல் இரண்டு வரிகள் நின்றன:

*காலையிலே மழை பொழியணும் மாரியம்மா – எங்க*
*மங்கெல்லாம் பால் நிறையணும் மாரியம்மா*

மங்கு என்பது மரத்தில் பால் வடியக் கட்டும் கிண்ணம். மலாய்க்காரர்களிடமிருந்து தோட்டத்துத் தமிழுக்கு வந்த சொல். என் பென்சில் அங்கே நின்றதும் அஞ்சலை பதறி, "அது கொச்சைங்க, எடுத்துடுங்க" என்றார். நான் எடுக்கவில்லை. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, "காலையில் மழை பெய்தால் மங்கில் என்ன நிறையும்?" என்று கேட்டேன்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தண்ணிதாங்க. அன்னிக்குக் கூலியும் தண்ணிதான்."

விசாரணை

அப்புறம் நான் விடவில்லை. வானம் கறுத்தால் முதலில் யார் பார்ப்பது? மழைத்தண்ணீர் கலந்த பாலை என்ன செய்வீர்கள்? மரத்தடியில் ஒதுங்கி நிற்கும்போது அம்மனிடம் மனசுக்குள் என்ன சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு அஞ்சலை யோசிக்கவே இல்லை. "'ஆத்தா, கொஞ்சம் பொறு, வெட்டி முடிச்சுக்கிறேன்'ம்பேன்."

"அதை ஏன் பாட்டில் வைக்கவில்லை?"

"அது பாட்டா? பொலம்பல்."

"அந்தப் புலம்பலைக் கும்மித் தாளத்தில் சொல்லிப் பாருங்களேன்."

அஞ்சலை சுவரைப் பார்த்தபடி மேசை விளிம்பில் விரலால் தட்டினார். பிறகு சொல் வந்தது:

*விடியலிலே வேணாம் மழை மாரியம்மா – நான்*
*வெட்டிப் பால எடுத்து வாரேன் மாரியம்மா*
*மத்தியானம் பெய்ஞ்சுக்கடி மாரியம்மா – உன்*
*மனசு போலப் பெய்ஞ்சுக்கடி மாரியம்மா*

காவிரியும் அன்னமும் தாமாகவே எழுந்து போய்விட்டன. மிச்சப் பாட்டை வீட்டில் கட்டி, அதே தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லி இருவரும் கிளம்பினார்கள். அதுவரை கல்லாப் பக்கமிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏன்யா, பிழை திருத்தச் சொன்னா சம்பந்தம் பேசற மாதிரியில்ல விசாரிக்கிறீர்?"

எழுத்துப் பஞ்சம்

முழுப் பாட்டும் வந்து சேர்ந்தபோது, எங்கள் அச்சுக் கோப்பவர் ஆரோக்கியம் தலையில் கைவைத்துக்கொண்டார். வரிக்கு வரி மாரியம்மா. அத்தனை 'ம' எங்கள் பெட்டியில் இல்லை. ஆகவே முதல் கண்ணியில் மட்டும் மாரியம்மாவை முழுசாகக் கோத்தார். மற்ற கண்ணிகளில் வரி முடிவில் 'மா' என்று ஓர் எழுத்து. படிக்கிறவர்கள் நிரப்பிக்கொள்வார்கள் என்று எண்ணம்.

முனியன் நிரப்பவில்லை. மாதிரித் தாளைக் கையில் வாங்கி, அச்சில் இருந்தபடியே உரக்கப் படித்தார்: "மங்குக்குள்ள மழை வேணாம்... மா." அஞ்சலையின் கை தானாக ஒரு தட்டு தட்டியது. அடுத்த வரி, அடுத்த 'மா', இன்னொரு தட்டு. "மொதல்ல நிதானமா முழுப்பேரு, அப்புறம் வேகமா 'மா'. இப்படியே இருக்கட்டும் ஐயா" என்றார் அஞ்சலை. அது சுருக்கக் குறி என்று விளக்க வாயைத் திறந்த நான், திறந்த வாயை மூடினேன். என் வாழ்க்கையில் அபூர்வமான நிகழ்ச்சி. ஆரோக்கியம் மட்டும் முணுமுணுத்தார்: "எழுத்து இல்லாததுக்கே தாளம் போடுறாங்க. பெட்டி முழுக்கக் காலியானா கூத்தே கட்டிடுவாங்க போல."

கங்காணியின் ஆட்சேபம்

அச்சேற்றுவதற்கு முன் கங்காணியே நேரில் வந்துவிட்டார். தலைப்பாகை, குடை, கையில் மாதிரித் தாள். "ஆத்தாவுக்கே நேரம் சொல்றதா? இது அபசாரம். அச்சடிக்காதீங்க" என்றார். முனியன் வாசலில் நின்றார்; அஞ்சலை வரவில்லை. இந்தத் தாள் இன்று மடிந்தால் அஞ்சலையின் பாட்டுத் தொழிலும் மடிந்தது என்று எனக்கும் முனியனுக்கும் கங்காணிக்கும் தெரியும்.

வாதம் செய்தால் தோற்பேன். ஆகவே கேள்வி கேட்டேன். "திருவிழாவுக்கு நாள் குறித்தது யார்?" "நான்தான்." "அம்மனுக்கு அபிஷேகம் எத்தனை மணிக்கு என்று சொல்கிறவர்?" "பூசாரி." "காலையில் மழை கொட்டினால் முதலில் அலுத்துக்கொள்கிறவர்?" கங்காணி தம் குடையைப் பார்த்தார். பிறகு முனியன் பக்கம் திரும்பினார். "அப்படின்னா காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு நேரத்துலயும் வேணாம்னு ஒரு வரி சேர்த்துக்கச் சொல்லுடா. ஒரு கையில குடைய வெச்சுக்கிட்டு ஆளுங்க பேரக் கூப்பிட முடியல."

திருவிழாக் காலை

நான் முதல் ரயிலில் போனேன். விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையில்லை, ஜொகூர் மழை. கோயில் கொட்டகைத் தகரக் கூரைக்குக் கீழே பெண்கள் வட்டமாக நின்று கும்மியைத் தொடங்கினார்கள். 'விடியலிலே வேணாம் மழை' என்ற வரிக்கு வந்ததும் பின்னாலிருந்து ஒருவர், "ஆத்தாவுக்குப் பாட்டுப் பிடிக்கல போல, நிறுத்திடுங்க" என்றார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. கைகள் தயங்கின. வட்டம் நின்றது. போன வருஷமும் இப்படிப் பாதியில்தான் நின்றதாம். கங்காணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அஞ்சலையைப் பார்த்தேன். இந்த முறை கேட்பதற்கு என்னிடம் கேள்வி எதுவும் இல்லை.

அஞ்சலை கூரை விளிம்பில் ஒழுகிய தண்ணீரில் கையை நீட்டி நனைத்தார். முந்தானையில் துடைத்துக்கொண்டார். "இன்னிக்குப் பால் வெட்டு இல்லேன்னு ஆத்தாவுக்குத் தெரியாதா? பெய்யட்டும்லா. நீங்க கையத் தட்டுங்க." கைகள் தட்டின; பாட்டு முடியும்வரை வட்டம் நிற்கவில்லை.

இத்தனை காலம் பிழை திருத்தியதில் நான் கண்டது இதுதான்: ஒரு பாட்டுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பென்சில் கேள்விக்குறி, அதைத்தான் ஆரோக்கியம் ரப்பரால் சுத்தமாக அழித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.