எர்சிலியாவின் ஹேண்ட் பிரேக்

எங்கள் மலையூர் மோந்தெகுபோவில் சமதரை என்று இருப்பது கல்லறைத் தோட்டமும் அதன் வாசலில் உள்ள மைதானமும்தான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். இப்படிப்பட்ட ஊரில் வண்டியோட்டிகளின் காவலரான புனித கிறிஸ்தோபர் திருநாளன்று பங்குச் சாமியார் வண்டிகளை மந்திரிப்பது கோயில் தெருச் சரிவில். இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஓட்டுபவர் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். வண்டியைப் புனிதரிடம் ஒப்படைப்பதாக அர்த்தம். இந்த வழக்கத்தைத் தொடங்கியவரிடம் நிச்சயம் வண்டி இருந்திருக்காது.

போன வருஷம் எர்சிலியா அப்படி ஒப்படைத்ததும், அவளுடைய பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் கார் மெல்லப் பின்னால் உருண்டு, ஊர் பேண்டின் பெரிய டிரம்மை அப்பளமாக நொறுக்கியது. டிரம் அடிக்கும் கௌதென்ஸியோதான் திருவிழாக் கமிட்டித் தலைவன். போதாதா?

இந்த வருஷம் திருநாளுக்கு ஒரு மாதம் முன்பே, காபிக் கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "எர்சிலியா, நீ இந்தத் தடவை கீழே மைதானத்துல டிராக்டருங்களோட நில்லு. சாமியார் அங்க வந்து ரெண்டு சொட்டுத் தீர்த்தம் தெளிச்சுட்டுப் போவாரு."

"கல்லறை வாசல்லயா?"

"வயசாச்சுல்ல, பக்கம்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதே கௌதென்ஸியோவின் ரொட்டி வேன் ஒருமுறை உருண்டு கோயில் படியை உடைத்தபோது, புனிதருக்கு அன்று உடம்பு சரியில்லை என்று கேலி பேசிவிட்டுக் கலைந்தவர்கள்தான் இவர்கள். பெண்பிள்ளையின் வண்டி உருண்டால் மட்டும் கமிட்டி கூடும்.

எர்சிலியா காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். "நான் சரிவுலதான் நிப்பேன்" என்றாள்.

முப்பது வருஷம் மலைப்பாதையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். கல்யாணம் வேண்டாம் என்றவள். அந்தக் காரை வாங்கி வந்த அன்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டது சுவருக்கு இந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் இருந்த எனக்குக் கேட்டது. "ரெண்டே சீட்டுதானேடி இருக்கு, புள்ளைங்கள எங்க உக்கார வைப்பே?"

"அதான் தினம் பஸ் நெறைய ஏத்திக்கிட்டுப் போறேனே, போதாதா?"

காபிக் கடைப் பேச்சுக்கு மறுநாளே காரின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டாள். ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கக்கியிருந்தன. சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளின் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பரெல்லாம் காய்ந்த ரொட்டி போல விரலில் உதிர்ந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருவோடு ஒட்டிக் கிடந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, புது ஷாக் அப்சார்பர், புது புஷ், புது டிஸ்க், புது பேட், புது கேபிள் என்று ஒவ்வொன்றாக மாட்டினாள். பிரேக் குழாயில் இருந்த காற்றை அவள் வெளியே எடுக்க, நான் பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்குப் பிரேக் பெடலை மிதித்தேன்.

"அமுக்கு. அப்படியே பிடி. ஒரேஸ்தே, பிடின்னா பிடி! ஏர் உள்ள போகுது பாரு."

"கால் மரத்துப் போச்சும்மா."

"மரத்த கால்தான் நல்லா அமுக்கும்."

அவளும் ஒரு தப்பு செய்தாள். வண்டி அந்தரத்தில் நிற்கும்போதே புஷ் போல்ட்டுகளை இறுக்கிவிட்டாள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, பின்பக்கம் தூக்கியபடியே நின்றது. அந்த நேரம் பார்த்து ரொட்டி வேன் வந்தது.

"என்ன எர்சிலியா, வண்டி முட்டி போட்டு ஜெபம் பண்ணுதா?"

"ஆமா, உன் ஆத்துமாவுக்குத்தான்."

அவன் போனதும் தன்னையே நல்ல வார்த்தையில் திட்டிக்கொண்டாள். சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, போல்ட்டுகளைத் தளர்த்தினாள். "ஏறி உக்காரு ஒரேஸ்தே. உன் தொப்பைக்கு இன்னிக்காவது ஒரு வேலை கிடைக்கட்டும்." நான் ஏறியதும் பின்பக்கம் தன் உயரத்துக்கு இறங்கியது. அந்தக் கனத்தோடு அவள் அடியில் படுத்து, திரும்ப எல்லாவற்றையும் இறுக்கினாள்.

திருநாளன்று கௌதென்ஸியோ கைகளை விரித்துக்கொண்டு தெருவை மறித்தான். எர்சிலியா ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தாள், அவன்தான் விலகினான். சரிவின் நடுவில், பேண்டுக்கு நேர் முன்னால் நிறுத்தி, பிரேக்கை இழுத்து, இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் ஓடிப்போய் ஒரு பெரிய கல்லைக் கொண்டுவந்து பின்சக்கரத்தில் அண்டை கொடுத்தான்.

"கல்லை எடு."

"எங்க ஆளுங்க மேல ஏறிட்டா?"

"அவங்கள ஓரமா நிக்கச் சொல்லு. கல்லை எடு. மத்த வண்டிக்கெல்லாம் வச்சியா?"

பேண்டுக்காரர்கள் அவன் சொல்லும்வரை காத்திருக்கவில்லை, சுவரோரம் ஒதுங்கினார்கள். சாமியார் தீர்த்தச் செம்போடு காத்து நின்றார். கௌதென்ஸியோ கல்லை ஓரமாக உருட்டினான். கார் அசையவில்லை. சாமியார் செபத்தை முழுதாகச் சொன்னார், தீர்த்தம் தெளித்தார். அப்போதும் அசையவில்லை.

"இப்ப தள்ளு" என்றாள் எர்சிலியா.

"என்னது?"

"முன்பக்கம் போய்த் தள்ளு. ஊர் பாக்கட்டும்."

தள்ளாமல் இருந்தால் மானம் போகும். முன்பக்கம் போய்க் குனிந்து, கையை ஊன்றித் தள்ளினான். கழுத்து நரம்பு புடைத்தது. புது ஷாக் அப்சார்பரில் காரின் உடம்பு லேசாக அமர்ந்து எழுந்தது. சக்கரம் ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. கூட்டத்தில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். நான் தொண்டை வலிக்கக் கத்தினேன்.

மூச்சு வாங்க நிமிர்ந்தவன் மெதுவாகச் சொன்னான்: "சரி, சரி. அடுத்த வருஷம் இங்கயே நிறுத்திக்கலாம். கமிட்டில பேசி அனுமதி..."

எர்சிலியா கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "நான் எப்ப கேட்டேன்?" என்று சொல்லி இன்ஜினைக் கிளப்பினாள்.