ஆளுக்கு இரண்டு கண்

மருத்துவக் கல்லூரியின் மாடியில், கழிவறைக்கு அடுத்த அறையில் புள்ளியியல் சொல்லித்தரும் கை-ஸ்கொயர் சார் உட்கார்ந்திருந்தார். அந்தச் செல்லப்பெயரை அவர் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார். வைத்தவர்கள் அப்படி நினைத்து வைக்கவில்லை. புள்ளியியலில் அவர் கை வைப்பது கை-ஸ்கொயர் என்ற அந்த ஒரே ஒரு சோதனையில்தான். 'குணமானது, குணமாகவில்லை' என்று ஆட்களை எண்ணிக்கொண்டு யார் வந்தாலும் போதும், நான்கு கட்டம் போட்டு, எண்களை அடைத்து, சோதனையை ஓட்டிவிடுவார். ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று பேர்தான் தேறுகிறார்களா? ஓட்டு. ஒரே நோயாளிகளை மருந்துக்கு முன்பும் பின்பும் பார்த்ததா? அதற்கும் அதையே ஓட்டு. இதற்கெல்லாம் வேறு வேறு சோதனைகள் உண்டென்று அவரிடமிருந்த தடித்த புத்தகம் சொல்லியது. அந்தப் புத்தகம் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மேற்படிப்பு டாக்டர்கள் அவரைத் தேடி வந்தது அறிவைத் தேடி அல்ல. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஆய்வேட்டில் எழுத 'வித்தியாசம் உண்டு' என்ற ஒரு வரி. இல்லை என்று வந்தால் முகம் தொங்கிப்போகும். சாருக்குத் தொங்கிய முகங்கள் ஆகாது. வயதுப் பிரிவுகளைச் சேர்ப்பார், பிரிப்பார், மறுபடி சேர்ப்பார். கடைசியில் "வந்துடுச்சு பாருங்க!" என்று நாற்காலியில் சாய்வார், ஏதோ பிரசவம் பார்த்து முடித்தவர் மாதிரி.

அப்படி வந்தவர்தான் கண் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய்க்கு ஒரு கூட்டத்துக்குப் பழைய சொட்டு மருந்து, இன்னொரு கூட்டத்துக்குப் புதியது, இரண்டு கண்ணிலும் போட்டுப் பார்த்திருந்தார். மொத்தமே நாற்பது பேர்தான் கிடைத்தார்கள். வித்தியாசம் பெயருக்குத்தான் தெரிந்தது, தற்செயல் என்று தள்ளிவிடலாம்.

"ஆளை ஏன் எண்ணுறீங்க? ஆளுக்கு ரெண்டு கண்ணு இருக்குல்ல? கண்ணை எண்ணுங்க," என்றார் சார்.

நாற்பது எண்பதானது. வித்தியாசம் வந்துவிட்டது. பக்கத்து மேஜையிலிருந்த புது விரிவுரையாளர் பெண் எட்டிப் பார்த்தாள். "சார், ஒருத்தரோட ரெண்டு கண்ணும் பெரும்பாலும் சேர்ந்துதான் சரியாகும், சேர்ந்துதான் கெடும். தனித்தனி ஆள் மாதிரி எண்ணலாமா?"

"நீ உன் வேலையைப் பாரும்மா," என்று அவள் வாயை அடைத்தார். அவள் சொன்னது சரி என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டுவிடலாம்.

சில வருடங்களில் கண் டாக்டர் அதே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரானார். சாரின் மனைவிக்கு அதே நோய் வந்தது. பழைய மருந்திலேயே ஓரளவு கட்டுக்குள் இருந்தது. இப்போது அழுத்தம் லேசாக ஏறியிருந்தது.

"பழசை நிறுத்திட்டுப் புதுசுக்கு மாத்திடலாம்மா," என்றார் டாக்டர். "இங்க எல்லாருக்கும் இப்ப அதுதான். எண்பது கேஸ்ல பார்த்தது. எல்லாம் சார் புண்ணியம்!"

"மாத்தினப்புறம் இன்னும் ஏறிடுச்சுன்னா?"

"போன பார்வை திரும்பாதும்மா. அதனாலதானே நல்ல மருந்தா பார்த்துத் தர்றோம்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும். மாத்தலாமா?"

'அது நாற்பது பேர்தான் டாக்டர், திரும்பக் கணக்குப் போடணும்' என்று ஒரு வரி சொன்னால் போதும். ஊர் உலகத்துக்கெல்லாம் வரி எழுதிக் கொடுத்தவருக்குச் சொந்த மனைவிக்காக அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டாக்டரே சொல்றாருல்ல," என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை, தந்திரம்தான் தோன்றியது. மருந்துக்காகப் படுத்திருந்தவளின் தலைமாட்டில் இரண்டு குப்பிகளோடு வந்து நின்றார்.

"வலது கண்ணுல புதுசு, இடது கண்ணுல பழசு போடுவோம். எது நல்லதுன்னு தெரிஞ்சிடும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "தெரிஞ்சிடுமா? அப்ப இன்னும் தெரியாதா?"

சார் குப்பியின் மேலிருந்த எழுத்துகளைப் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பது பேருக்குப் பார்த்ததுன்னு சொன்னாங்களே?"

"எண்பது கண்ணு," என்றார் மெல்ல. "ஆளு நாற்பதுதான். நான்தான் கண்ணை எண்ணச் சொன்னேன்."

அவள் அவரையே பார்த்தாள். இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய ஆளை அப்போதுதான் முதலில் பார்ப்பவள் போலிருந்தது அந்தப் பார்வை.

"ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னு கணக்குப் போட்டீங்களா? கண்ணுதாங்க ரெண்டு. ஆளு நான் ஒருத்திதான்."

பழைய குப்பியை அவர் கையிலிருந்து வாங்கி, தலையை அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் அவளே விட்டுக்கொண்டாள். குறி தப்பிய ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தது. அவர் துடைக்கக் கை நீட்டினார்.

"வேண்டாம். நாளைக்குக் காலையில என்னோட வந்து டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்," என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.