பட்டியலுக்குக் கீழே ஒரு முகம்

கூடத்தில் கால்நீட்டி உட்கார்ந்து, கிழிந்த தார்ப்பாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள் கலைமகள். கொள்முதல் நிலையத்துக் களத்தில் அவர்கள் குவித்த சம்பா நெல் ஒன்பது நாளாகக் கிடக்கிறது. வானம் வேறு மூட்டம். யாருக்கு என்றைக்கு முறை என்று பலகையில் எழுதிப்போடுவதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. கிளார்க் ஃபேஸ்புக்கில் போடுவார். வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது.

கலைமகளுக்கு அதில் கணக்கு கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. சீர்காழியில் பிறந்து, திருப்பனந்தாள் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள், பிறந்த வீட்டுச் சேதி தெரிந்துகொள்ள ஒன்று வைத்திருந்தாள். ஏழு வருஷம் முன்பு எவனோ அவள் படத்தை எடுத்து, அவள் பெயரிலேயே இன்னொரு கணக்கு திறந்து, தெருவில் பாதிப் பேருக்கு "ஹாய்" அனுப்பினான். செய்தவனை ஒருவரும் கேட்கவில்லை. "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அவளைத்தான் கேட்டார்கள். முதலில் கேட்டவர் கணவர் துரைராசு. அன்றே மூடினாள். மூடியதில்கூட வருத்தமில்லை, தப்பு செய்தவளைப் போல மூட வைத்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

அதற்காக நெல் முறையை விட்டுவிட முடியுமா? வழி கண்டுபிடித்தாள். ஆப் வேண்டாம். போனில் பிரவுசரைத் திறந்து நிலையத்தின் பெயரைத் தட்டுவாள். உள்ளே வர வேண்டுமானால் பெயரைச் சொல் என்று ஒரு பெட்டி வந்து மறிக்கும். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கினால் போய்விடும். நாலைந்து பதிவு காட்டிவிட்டு மறுபடி மறிக்கும். "மறிக்கட்டுமே ஹலீமா, நமக்கு முதல்ல வர்ற பட்டியல் ஒண்ணு போதும்" என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். யாருக்கும் முகம் காட்டாமல், ஒரு முறைகூடத் தவறாமல், இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள்.

கை கடுத்தபோது ஊசியைத் தார்ப்பாயில் குத்தி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். புதுப் பட்டியல் வந்திருந்தது. புதன்கிழமை, மூன்றாவது பெயர் அவளுடையது. நிலம் அவள் பெயரில்தான். அப்பாடா என்று விரலால் தள்ளி, அதற்கு முந்தின பட்டியலுக்குப் போனாள்.

அதற்குக் கீழே வந்திருந்த கமெண்டுகளில் அவள் முகம் சிரித்தது. போன வருஷம் மாமனாரின் எண்பதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூரில் எடுத்த படம், பட்டுப்புடவையோடு. "கலைமகள் துரைராசு" என்று பெயர். "சார் எங்க நெல்லையும் கொஞ்சம் பாருங்க" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஊர் பேர் தெரியாத ஒருவன்: "பாத்துட்டோம் மேடம், சூப்பர்."

சட்டையை மாட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தார் துரைராசு. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யாரு போட்டது?"

அவர் சிரித்தார். "நான்தான். கீழ எழுதினாத்தான் கிளார்க்கு கண்ணுல படுமாம். முறை வந்துச்சா இல்லையா?"

"உங்க பேருல எழுத வேண்டியதுதானே?"

"நெலம் உன் பேருலதானே இருக்கு. நீ யாருய்யான்னு கேக்க மாட்டாரு?"

"படம் எதுக்கு?"

"படம் இல்லாட்டி போலின்னு நெனச்சுக்குவாங்க, கலை."

"ஓகோ, இது மட்டும் அசலாக்கும்!"

"இப்ப என்ன ஆயிப்போச்சு? புதன்கிழமை மூட்டை ஏறுனதும் அழிச்சிடறேன்."

"அதுவரைக்கும் கண்டவனும் சூப்பருங்கணுமா? அன்னைக்கு ஊரே பாக்குதுன்னு மூடச் சொன்னவரு நீங்க. அந்தப் பய என் மூஞ்சிய எடுத்தான், பேர எடுத்தான், என்னை ஒரு வார்த்தை கேக்கல. நீங்க கேட்டீங்களா? அவனுக்கும் உங்களுக்கும் என்னங்க வித்தியாசம்?"

துரைராசு குனிந்து, பாதி தைத்திருந்த தார்ப்பாயை ஊசியோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.